தோப்பில் நிற்கும் ட்ரெய்லர் கேரவன்: மழை முடியும்வரை பேட்டரியை என்ன செய்வது?

புளியரை_தோப்பு:
எல்லோருக்கும் வணக்கம். ஜீப்பில் மாட்டி இழுக்கும் சின்ன ட்ரெய்லர் கேரவன் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், நாலைந்து விளக்கு, ஒரு தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான். ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் புளியரை எஸ் வளைவில் லாரிகளுக்கு நடுவே அதை இழுத்துக்கொண்டு ஆரியங்காவு ஏற எனக்கு மனசு வராது. ஓணக் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் மறுபடி வெளியே எடுப்பேன். அதுவரை தென்னந்தோப்பில், தகரக் கொட்டகைக்குள் நிற்கும். கரண்ட் மோட்டார் ரூம் வரைக்கும்தான் இருக்கிறது. கொட்டகைக்கு இழுக்கவில்லை.

உள்ளே இருப்பது 100 ஆம்பியர் ஹவர் டியூப்ளர் பேட்டரி (வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்பது), தண்ணீர் ஊற்றுகிற வகை. யூடியூபில் தேடினால் எல்லோரும் பனிக்காலத்துக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்றே பேசுகிறார்கள். நமக்கு எங்கே பனி? சார்ஜரை மாட்டியே விடலாமா, மாதம் ஒரு தடவை போட்டால் போதுமா, இல்லை கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_பேட்டரிக்கடை:
அண்ணா, என் கடைக்குச் செத்து வருகிற பேட்டரியில் ஓடித் தேய்ந்தது குறைவு, சும்மா நின்றே போனதுதான் அதிகம். அறுப்பு முடிந்து ஓரங்கட்டிய டிராக்டர், கல்யாண சீசன் முடிந்து நிற்கிற ஜெனரேட்டர், வெளிநாடு போனவர்கள் மூடி வைத்த கார். எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "கடைசியாப் போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

சார்ஜ் இறங்க இறங்க பிளேட்டில் சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து போய்விடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டிப்பட்டு, அப்புறம் எந்த சார்ஜருக்கும் மசியாது. அதனால் நிறுத்துவதற்கு முன் முழுசாக ஏற்றுங்கள், ஏற்றி முடித்ததும் மைனஸைக் கழற்றுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸ் நட்டில் இருக்கும் ஸ்பானர் பாடியில் பட்ட நொடி தீப்பொறிதான்.

இன்னொன்று. ஜீப்பில் இழுத்து வந்தோமே, வழியெல்லாம் சார்ஜ் ஏறியிருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பின்னால் வரும் நீள வயரில் பாதி வோல்டேஜ் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேட்டரியை நிரப்புகிற அளவுக்கு அங்கே போய்ச் சேராது.

நகரி_லாரி:
தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், பலகை மேல் வைக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கழற்றி வைக்கிறதாக இருந்தால் அதையும் கவனிங்க.

கொழிஞ்சாம்பாறை_பேட்டரிக்கடை:
அது தாத்தா காலத்து மரப்பெட்டி, கெட்டி ரப்பர் பெட்டி பேட்டரிகளுக்குச் சொன்னது. ஈரமும் கசிவும் சேர்ந்து வெளியே கரண்ட் போக வழி கிடைக்கும். இப்போது வருவது பாலிபுரொப்பிலீன் பெட்டி. சிமெண்ட் தரை ஒன்றும் செய்யாது. என் கடையிலும் பலகை மேல்தான் அடுக்கியிருக்கிறேன், அது தரையில் ஆசிட் கறை படக்கூடாது என்பதற்காக.

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
ஓய்வு பெற்ற டெலிபோன் ஆள் நான். எக்ஸ்சேஞ்சில் 24 செல் அடுக்கி, செல்லுக்கு 2.25 வோல்ட் கணக்கில் 54 வோல்ட்டில் வருஷக்கணக்காக மாட்டியே வைத்திருப்போம். ஆகவே "மாட்டியே வைக்கலாமா" என்ற கேள்விக்கு, சார்ஜர் சரியாக இருந்தால் தாராளமாக வைக்கலாம் என்பதே என் பதில். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல், அதனால் 13.5. நிரம்பிய பிறகு சார்ஜர் தானாக அந்த அளவுக்கு இறங்கி நிற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் முழுக்க போட்டுவிட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். அப்போதும் 14.5, 15 என்று நின்றால் அது கொதிக்க வைக்கும் சார்ஜர். ஒரு மாதம் விட்டால் தண்ணீர் வற்றி பிளேட் வெளியே தெரியும்.

புளியரைத் தம்பி, உங்களிடம் இருப்பது டியூப்ளர் என்பதால் ஒரு விஷயம். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் எல்லாம் 12.7 வோல்ட் இருந்தால் ஃபுல் என்கின்றன. அது 1.270 கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) உள்ள ஆசிட் ஊற்றிய பேட்டரிக்கு. நம் ஊர்ச் சூட்டுக்காக இன்வெர்ட்டர் டியூப்ளரில் ஆசிட்டைக் கொஞ்சம் நீர்க்கவே ஊற்றுவார்கள், ஃபுல் சார்ஜில் 1.240 சுமார். கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் வோல்டேஜ் வரும்: 2.08. ஆறு செல்லுக்கு 12.48. ஆக உங்கள் பேட்டரி முழுசாக நிரம்பியும் 12.5தான் காட்டும். 12.7 வரவில்லையே என்று ராத்திரி பகலாக சார்ஜ் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள். அதுவும் சார்ஜரை எடுத்த உடனே பார்க்கக் கூடாது, ஒரு ராத்திரி சும்மா விட்டுக் காலையில் பாருங்கள்.

அதைவிட நம்பகமானது ஆசிட்டின் கிராவிட்டியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்த செல் போகப் போகிறது என்று அர்த்தம்.

புளியரை_தோப்பு:
சார், ரொம்ப நன்றி. நேற்று இரவே சார்ஜ் போட்டு எடுத்தாயிற்று, காலையில் 12.51. நீங்கள் சொல்லாவிட்டால் பேட்டரி மேல் சந்தேகம் வந்திருக்கும்.

மைனஸைக் கழற்றினால் கேஸ் அலாரமும் ட்ராக்கரும் செத்துவிடுமே? தோப்பில் ஆள் இல்லாத இடம். ட்ராக்கர் வேலை செய்தால் தேவலை.

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
முதலில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிட்டு வாருங்கள். மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரைத் தொடராக வையுங்கள், 10 ஆம்பியர் ஓட்டையில். மீட்டர் மாட்டியிருக்கும்போது விளக்கையோ மோட்டாரையோ போடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

புளியரை_தோப்பு:
அளந்தேன். எல்லா சுவிட்சும் ஆஃப், கதவு பூட்டி, வெளியில் இருந்த பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தால் 0.11 ஆம்பியர். ஃப்யூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொல்லி மகனை உள்ளே அனுப்பினேன். கேஸ் அலாரத்தை எடுத்ததும் 0.04 ஆனது. ரேடியோவை எடுத்ததும் 0.03. மீதி எல்லா ஃப்யூஸையும் எடுத்தும் அந்த 0.03 அசையவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், ட்ராக்கரின் பிளஸை ஃப்யூஸ் பெட்டிக்குக் கொண்டு போகாமல் நேரே பேட்டரி முனையிலேயே முறுக்கி மாட்டியிருக்கிறார்கள். மாட்டிக் கொடுத்தவர் வேலை. அதற்கென்று ஒரு ஃப்யூஸ்கூட இல்லை.

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
அருமை. அந்த வயருக்கு இன்றே முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃப்யூஸ் போடுங்கள். உரசி பாடியில் பட்டால் வண்டியே எரியும்.

கணக்கு இதுதான். 0.11 என்றால் ஒரு நாளைக்கு 2.64 ஆம்பியர் ஹவர். மாதத்துக்கு 79. பேட்டரி தானாக இறங்குவது மாதத்துக்கு நூற்றுக்கு நாலைந்துதான், நீங்கள் மாட்டி வைத்திருப்பது அதைப் போலப் பதினைந்து மடங்கு. ஜூனில் நிறுத்திவிட்டு ஓணத்துக்கு வந்து பார்த்தால் என்ன இருக்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அலாரத்தையும் ரேடியோவையும் எடுத்துவிட்டு ட்ராக்கரை மட்டும் விட்டால் மாதத்துக்கு 21.6. அப்போதும் மாதம் ஒரு தடவை சார்ஜ் கட்டாயம்.

ட்ராக்கரின் மைனஸ் பாடியில் இருந்ததால் மீட்டர் காட்டிக் கொடுத்தது. அதுவும் பேட்டரி முனையிலேயே இருந்திருந்தால் மீட்டருக்குத் தெரியவே வந்திருக்காது. மைனஸ் வயரில் கட்டாஃப் சுவிட்ச் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சுவிட்சைத் திருப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், முனையில் நேராக மாட்டிய ஒன்று உள்ளுக்குள் குடித்துக்கொண்டே இருக்கும்.

கம்பம்மெட்டு_அக்கா:
கேஸ் அலாரத்தை எடுக்கிறதாக இருந்தால் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு எடுங்க. அதுக்கப்புறம் அலாரத்துக்கு அங்கே வேலை இல்லை.

ட்ராக்கருக்குள்ளேயே சின்ன பேட்டரி இருக்கும். சிலதில் ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் இடம் அனுப்புகிற மாதிரி வைக்க முடியும், அப்போது இழுப்பு ரொம்பக் குறையும். ஆப்பில் பாருங்க.

மூணாறு_ஜீப்:
அண்ணே, ஒரு 20 வாட் சோலார் பேனல் வாங்கிக் கூரையில் போட்டால் இந்தப் பிரச்சனையே இல்லையே? நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

புளியரை_தோப்பு:
தென்னந்தோப்பு தம்பி. மேலே ஓலை.

மூணாறு_ஜீப்:
அட ஆமா.

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
ஓலை நிழல் சின்ன விஷயம் இல்லை. பேனலில் செல்கள் தொடராகக் கோத்திருக்கும். ஒரே ஒரு ஓலைக் கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் படுத்துவிடும். நல்ல வெயிலில் 20 வாட் பேனல் நாளைக்கு ஐந்தாறு ஆம்பியர் ஹவர் தரும், அது ட்ராக்கருக்குத் தாராளம். சாரல் மூட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. கொட்டகைக்கு வெளியே நிழல் விழாத இடம் பார்த்துக் கம்பத்தில் நட்டு, வயரை உள்ளே இழுத்தால் உண்டு. நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும், ராத்திரியில் பேனல் வழியாகவே பேட்டரி இறங்காமலும் அது பார்த்துக்கொள்ளும்.

நகரி_லாரி:
சூட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. செங்கோட்டைப் பக்கம் குற்றாலக் காற்று அடிக்கும், உங்களுக்குக் கவலை இல்லை. எங்கள் ஊரில் மே மாதம் தகரத்துக்குக் கீழே கை வைக்க முடியாது. நான் கேரவனை ஏப்ரல் முதல் ஜூன் வரை நிறுத்துகிறேன், உங்களுக்கு நேர் எதிர். 13.5-இல் மாட்டி வைத்திருந்தும் தண்ணீர் சரசரவென்று இறங்குகிறது.

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
நல்ல இடத்தில் தொட்டீர்கள். நான் சொன்ன 13.5 என்பது 27 டிகிரியை ஒட்டிய கணக்கு. சூடு ஏறும்போது மாட்டி வைக்கும் வோல்டேஜைக் குறைக்க வேண்டும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.02 வோல்ட். பேட்டரிப் பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் 13.1, 13.2 போதும். வெப்பத்தை உணரும் வயரோடு வரும் சார்ஜர் இதைத் தானே செய்யும். அது இல்லையென்றால் உங்கள் ஊர் மே மாதத்துக்கு மாட்டியே வைப்பது சரிப்படாது. முழுசாக ஏற்றிக் கழற்றி வைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். சூட்டில் தானாக இறங்குவதும் வேகம்தான், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

முடிந்தால் கழற்றி வீட்டுக்குள் நிழலான மூலையில் வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடுவது, சார்ஜ் இறங்கிய பேட்டரியின் ஆசிட் நீர்த்துப்போய்க் கடுங்குளிரில் உறைந்து பெட்டி வெடிக்கும் என்பதால். நமக்கு அதே வேலை, காரணம் வேறு.

கம்பம்மெட்டு_அக்கா:
கழற்றி வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் அதை ஏன் மூலையில் வைக்கணும்? நாங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டிவிடுவோம். வீட்டுப் பேட்டரியைக் கழற்றி முழு சார்ஜோடு ஓரமாக வைத்துவிட்டு, கேரவன் பேட்டரி மழைக்காலம் முழுக்க இன்வெர்ட்டரில் ஓடும். மழை என்றால் இங்கே கரண்ட் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். இறங்கி ஏறி உயிரோடு இருக்கு. நடுவில் ஒரு தடவை இரண்டையும் மாற்றி மாட்டிக்கொள்வோம்.

கொழிஞ்சாம்பாறை_பேட்டரிக்கடை:
அக்கா சொல்வது நல்ல வழி, இந்த இழையிலேயே காசு செலவில்லாத வழி. கூட மூன்று விஷயம் கவனிங்க. இன்வெர்ட்டருக்குப் பின்னால் டியூப்ளர், ஃப்ளாட் பிளேட், எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் வைத்த வகை) என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும், கேரவனில் இருப்பது எதுவோ அதற்கு மாற்றணும். சீல் வைத்த பேட்டரியை டியூப்ளர் செட்டிங்கில் விட்டால் ஊதிப்போகும். அப்புறம், இரண்டு பேட்டரியையும் சேர்த்து பேரலலாக மாட்டலாமே என்று யாருக்காவது யோசனை வரும், வேண்டாம். புதுசும் பழசும் சேர்ந்தால் பழசு புதுசையும் கூட இழுத்துக்கொண்டு போகும். கடைசியாக, 100 ஆம்பியர் டியூப்ளர் லேசில் தூக்குகிற எடை இல்லை, இரண்டு பேர் பிடியுங்கள். சாய்த்தால் ஆசிட் வழியும், சட்டை ஓட்டை.

மூணாறு_ஜீப்:
லித்தியம் வைத்திருப்பவர்கள் யாரும் இல்லையா? நான் போன வருஷம் மாற்றினேன். 100 ஆம்பியர் பேட்டரியை ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு போகலாம். நீங்கள் எல்லோரும் முழுசாக ஏற்றி வை, முழுசாக ஏற்றி வை என்கிறீர்கள், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு அது தலைகீழ். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் பாதி சார்ஜில் விட வேண்டும், 50, 60 சதவீதம். முழுசாக ஏற்றி வெயிலில் போட்டால்தான் அதற்கு ஆயுசு குறையும். தானாக இறங்குவது மாதத்துக்கு இரண்டு மூன்று சதவீதம். மாட்டியே வைக்க வேண்டியதும் இல்லை.

வோல்ட் மீட்டரை நம்பி சதவீதம் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். முக்கால்வாசிக்கும் காலுக்கும் இடையில் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். பேட்டரியோடு வந்த ஆப்பில்தான் பார்க்கிறேன்.

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
சரியாகச் சொன்னீர்கள். லித்தியத்துக்கும் அந்த ட்ராக்கர் கதை பொருந்தும். இறங்கி இறங்கி உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) தன்னைத்தானே அணைத்துக்கொண்டால், சில சார்ஜர்கள் பேட்டரி இருப்பதையே அறியாது. மூணாறில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று: ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் புல்லில் உறைபனி விழும் காலையில், பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றக் கூடாது. எடுத்துப் பயன்படுத்தலாம், ஏற்றுவதுதான் கூடாது. பேனல் காலை வெயிலில் தானாக ஏற்ற ஆரம்பித்துவிடும், உங்கள் பி.எம்.எஸ்.-இல் குளிர்த் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூணாறு_ஜீப்:
இருக்கு சார், வாங்கும்போதே கேட்டு வாங்கினேன்.

புளியரைக்காரருக்கு ஒரு யோசனை. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டு வந்த பிறகு வாகமண்ணில் கேரவன் பார்க் வந்திருக்கு. சீசன் கடைசிப் பயணத்தில் இப்படி கரண்ட் பாயின்ட் உள்ள இடத்தில் கடைசி ராத்திரி தங்கினால், வண்டி வீடு வரும்போதே பேட்டரி நிரம்பியிருக்கும்.

புளியரை_தோப்பு:
வாகமண் எனக்கு ரொம்பச் சுற்று. மோட்டார் ரூமிலேயே ஏற்றிக்கொள்கிறேன்.

அக்காவின் இன்வெர்ட்டர் வழி பிடித்திருக்கிறது, எங்கள் வீட்டிலும் டியூப்ளர்தான். ட்ராக்கருக்கு என்ன செய்ய? வண்டியில் பேட்டரியே இருக்காதே.

கம்பம்மெட்டு_அக்கா:
பழைய பைக் பேட்டரி ஏதாவது நல்லதாக இருந்தால் ட்ராக்கருக்கு மட்டும் மாட்டிவிடலாம்.

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
பைக் பேட்டரி ஏழெட்டு ஆம்பியர் ஹவர் இருக்கும். 0.03-க்கு நாளைக்கு 0.72 போகும், பத்து நாளில் காலி. நாளைக்கு ஒரு தடவை அனுப்பும்படி மாற்றினால்தான் தாங்கும். அதற்குப் பதில் ஹிட்ச் பூட்டும் (ஜீப்பில் மாட்டும் கொக்கிக்கு) சக்கரப் பூட்டும் வாங்கிப் போடுங்கள், கரண்ட் தேவையில்லை.

புளியரை_தோப்பு:
அதுவும் சரிதான். பூட்டே வாங்கிவிடுகிறேன்.

வாளையார்_புதுசு:
நான் இப்போதுதான் செகண்ட் ஹேண்டில் ஒரு ட்ரெய்லர் வாங்கினேன். அதில் எஸ்.எம்.எஃப். பேட்டரி, தண்ணீர் ஊற்ற மூடியே இல்லை. மேலே சின்னக் கண்ணாடிக்குள் பச்சை தெரிகிறது. பச்சை இருந்தால் சார்ஜ் இருக்கு என்று விற்றவர் சொன்னார். நம்பலாமா?

கொழிஞ்சாம்பாறை_பேட்டரிக்கடை:
அந்தக் கண்ணாடி ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தும் எப்படி இருக்கு என்று அதற்குத் தெரியாது. ஒரு ராத்திரி விட்டு மீட்டரில் பாருங்க, எஸ்.எம்.எஃப். என்றால் 12.7 பக்கம் வரணும். அப்புறம் விளக்கு எல்லாவற்றையும் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்க. 12-க்குக் கீழே சட்டென்று விழுந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. வாளையாரிலிருந்து இங்கே பக்கம்தான், கொண்டு வாங்க, லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடலாம்.

மாற்றுகிற மாதிரி இருந்தால் பழசை நீங்களே உடைத்து ஈயம் எடுக்கப் போகாதீர்கள், ஆசிட்டை வாய்க்காலில் கொட்டாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரி முறையான வழியில் மறுசுழற்சிக்குத்தான் போகணும். கடையில் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வோம்.

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
தண்ணீர் ஊற்றும் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் ஏற்றி முடித்த பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே மேல் கோடு வரை நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட்டோடு வழியும். பிளேட் வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும் பிளேட் மூழ்குகிற வரை முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு மிச்சம் இருக்கும். சார்ஜ் போடும்போது பெட்டியின் மூடியைத் திறந்து வையுங்கள், ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது.

புளியரை_தோப்பு:
ஓணம் முடிந்து திரும்ப மாட்டும்போது என்ன பார்க்கணும் சார்?

பாலக்காடு_எக்ஸ்சேஞ்ச்:
முனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவுங்கள், கரைசல் செல்லுக்குள் போகாமல் மூடிகள் இறுகியிருக்கட்டும். காய்ந்ததும் இறுக்கிவிட்டு மேலே வாசலின் தடவுங்கள். தோப்பு என்பதால் மாட்டுவதற்கு முன்னால் டார்ச் அடித்து வயர் முழுக்கப் பாருங்கள். எலி கடித்த வயரில் கரண்ட் கொடுத்துவிட்டு அப்புறம் தேடக் கூடாது. ட்ரெய்லர் ஓடும்போது கழன்றால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் பிரேக்அவே சுவிட்சுக்குத் தனியாகச் சின்ன பேட்டரி இருக்கிறதா உங்கள் ட்ரெய்லரில்? இருந்தால் அதையும் இன்றே கழற்றி சார்ஜ் போடுங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

புளியரை_தோப்பு:
இருக்கு சார். இதோ போகிறேன்.